கைபேசிப் போரும் வீட்டுப் பூசலும்



பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே இக்காலத்தில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. துப்பாக்கியும் வெடிகுண்டும் நிறைந்த வீடியோ விளையாட்டுகளை நாள்தோறும் ஆடிவரும் பிள்ளை, நாளடைவில் தானும் வன்முறையில் இறங்கிவிடுவானோ என்பதே அவ்வினா. தாயும் தந்தையும் பணிக்குச் சென்றுவிட, பாட்டனும் பாட்டியும் சொந்த ஊரிலேயே தங்கிவிட, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கைபேசி ஒன்றே துணையாக எஞ்சும் வீடுகள் நம்மிடையே பல. அவ்வீடுகளில் இவ்வினாவின் அடியில் உண்மையான அச்சம் இருக்கிறது. அதனை எள்ளி நகையாடுதல் முறையாகாது.

அச்சத்துக்குக் காரணமான செய்திகள் இரண்டை முதலில் நினைவுகூர்வோம். 2019 செப்டம்பரில், கருநாடகத்தின் பெலகாவிக்கு அருகிலுள்ள காகதி என்னும் ஊரில், பப்ஜி விளையாட்டைக் கண்டித்த தந்தையை 21 வயது மகன் கொன்றான் என்னும் செய்தி நாட்டையே நடுங்க வைத்தது. 2022 ஜூனில் இலக்னோவில், அதே விளையாட்டைத் தடுத்த தாயை 16 வயதுச் சிறுவன் தந்தையின் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதாகக் காவல் துறையினர் கூறினர். இவ்விரு செய்திகளையும் படித்தோர் பலர், திரையில் சுடக் கற்றவன் வீட்டிலும் சுட்டுவிட்டான் என்று முடிவு கட்டினர்.

அம்முடிவை நாம் சற்று நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். இவ்விரு இளைஞரும் திரையில் கண்டதை ஒத்திகை பார்த்தவர்போல் தெருவில் இறங்கி அயலாரைத் தாக்கவில்லை. விளையாட்டைக் கைவிடச் சொன்னவர் மீதே கை ஓங்கப்பட்டது. ஆடும்போது வராத வெறி, ஆட்டம் பறிக்கப்பட்டபோது வந்திருக்கிறது. இலக்னோவிலோ, உண்மையான துப்பாக்கி ஒன்று சிறுவனின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. அது திரையிலிருந்து வந்த துப்பாக்கி அன்று.

இனி, அறிஞர் கண்டவற்றைக் காண்போம். 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலறிஞர் ஒரு சோதனை நடத்தினார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடிக்கக் கண்ட குழந்தைகள், தாமும் அதனை அவ்வாறே அடித்தன. பார்த்துப் பழகுவது பிள்ளைகளின் இயல்பு என்பதற்கு இன்றளவும் இதனையே சான்றாகக் காட்டுவர். ஆனால் அப்பொம்மை அடிப்பதற்கென்றே செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள் என்பதைச் சான்று காட்டுவோர் சொல்ல மறந்துவிடுகின்றனர்! அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், வன்முறை விளையாட்டுகளுக்கும் சினம், கடுஞ்சொல், தள்ளுமுள்ளு போன்ற முரட்டுத்தனத்துக்கும் ஓரளவு தொடர்பு காணப்படுவதாகவும், கொலை போன்ற கொடுஞ்செயல்களோடு அவற்றை இணைக்கப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. 2020இல் அதே சங்கம், வன்முறை நிகழும்போதெல்லாம் பழியை விளையாட்டின் தலையில் போடுவது தகாது என்று மீண்டும் வற்புறுத்தியது. 2019இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 14, 15 வயதுடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் இளைஞரை ஆராய்ந்தனர். பிள்ளைகளின் நடத்தையைப் பிள்ளைகளிடம் மட்டும் கேளாமல் பெற்றோரிடமும் கேட்டனர். வன்முறை விளையாட்டை மிகுதியாக ஆடுவோர் மிகுதியாக முரடராயிருக்கின்றனர் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிட்டவில்லை. அறிஞர் அனைவரும் ஒரே குரலில் பேசுகின்றனர் என்று நாம் சொல்ல வரவில்லை. சிறு முரட்டுத்தனம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் சப்பானும் தென் கொரியாவும் இவ்விளையாட்டுகளில் திளைக்கும் நாடுகள்; கொலைகள் மிகக் குறைவாக நிகழும் நாடுகளின் வரிசையிலும் அவை உள்ளன.

இத்தகைய அச்சம் புதியதும் அன்று. 1954இல் தில்லியைச் சேர்ந்த 13,000 பெண்கள் கையொப்பமிட்டு, சினிமா தம் பிள்ளைகளைக் கெடுப்பதாகப் பிரதமர் நேருவுக்கு விண்ணப்பம் அளித்தனர். அதே ஆண்டில் அமெரிக்க மேலவையின் குழு ஒன்று, படக்கதைப் புத்தகங்கள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றனவா என்று விசாரணை நடத்தியது. அன்று சினிமா பார்த்த சிறுவர்களே இன்று பேரப்பிள்ளையின் கைபேசியைப் பார்த்துக் கவலைப்படும் தாத்தாக்கள்.

நம் மரபில் போர்க்காட்சிக்குப் பஞ்சமில்லை. இந்தப் பெங்களூரிலேயே, சித்திரைப் பௌர்ணமியன்று நள்ளிரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போது, வீரகுமாரர்கள் உருவிய வாளோடு உடன் வருகின்றனர். திகளர் குலத்தார் போற்றிவரும் அவ்விழாவைத் தந்தையின் தோள்மீதமர்ந்து காணாத பிள்ளைகள் பழைய பேட்டைகளில் அரியர். வடதமிழகத்துத் திரௌபதியம்மன் விழாக்களிலோ, தரையில் மண்ணால் துரியோதனனை மாபெரும் உருவமாகச் சமைத்துப் படுகளம் நடத்துவர். தொடை பிளக்கப்படுவதையும் திரௌபதி கூந்தல் முடிப்பதையும் ஊரே கூடிக் காணும். அதனைக் கண்ட சிறுவர் எவரும் கதாயுதத்தைத் தேடி ஓடவில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? கூத்துக்கு விடியல் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும். பாட்டி பக்கத்திலமர்ந்து, இவன் ஏன் மாண்டான் என்று கதை சொல்வாள். பப்ஜி போன்ற விளையாட்டிலோ, 100 பேர் ஒரு தீவில் குதித்து, எஞ்சும் ஒருவன் வெல்லும்வரை பொருவர். அரை மணி நேரத்தில் ஆட்டம் முடியும். முடிந்த நொடியில் அடுத்த ஆட்டம் அழைக்கும். தோற்றவனுக்கு மீண்டும் ஆட ஆவல். வென்றவனுக்கோ இன்னும் ஆவல். பக்கத்தில் அமர்ந்து நிறுத்தச் சொல்ல யாருமில்லை. உறக்கம் கெட்ட பிள்ளைக்குக் காலையில் சினம் பொத்துக்கொண்டு வருவதற்குத் துப்பாக்கிதான் காரணம் என்று எண்ணுவதைக் காட்டிலும், இரவு இரண்டு மணிதான் காரணம் என்று எண்ணுவது பொருத்தமாகத் தோன்றுகிறது.

அரசாங்கங்களும் தடுமாறியே வந்திருக்கின்றன. 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. வன்முறையை முன்னிட்டு அன்று, நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு. மறு ஆண்டு அது வேறு பெயரில் இந்தியாவுக்கென்றே வந்தபோது, இரத்தம் பச்சை நிறம் பெற்றிருந்தது. 18 வயதுக்குக் குறைந்தோர் நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம் என்ற வரம்பும் இருந்தது. நிறமாற்றத்தைக் கண்டு நாம் புன்னகைக்கலாம். நேர வரம்பைப் பாராட்ட வேண்டும். ஆயினும் அண்ணன் கணக்கில் தம்பி ஆடுவதை எந்த வரம்பு தடுக்கும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டு மீறிய பழக்கமும் இடம்பெற்றது. 2022 சனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தை அடக்கிக்கொள்ள இயலாமை, உணவு, உறக்கம், படிப்பு அனைத்தையும்விட அதற்கே முதலிடம் தருதல், கேடு கண்ட பின்னும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டளவு இந்நிலை நீடித்தாலே நோய் எனக் கொள்வர். விடுமுறையில் நான்கு நாள் ஆடிய பிள்ளையை நோயாளி என்று அழைத்துவிடலாகாது. அவன் ஆடுவது துப்பாக்கி ஆட்டமா, பந்தாட்டமா என்று அந்த அடையாளங்களுள் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆதலால், ஆட்டத்தின் நடுவில் கைபேசியை வெடுக்கெனப் பறிப்பதும் சுவரில் வீசியுடைப்பதும் நன்மை பயப்பதில்லை. இத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதை முன்னதாகவே, அமைதியான வேளையில், பிள்ளையோடு பேசி முடிவு செய்தல் நன்று. இரவில் கைபேசி பெற்றோரின் அறையில் உறங்கட்டும். பெற்றோரின் கைபேசியும் உடன் உறங்கினால் பிள்ளை அவ்விதியை மதிக்கும். பிள்ளை எதை உடைத்தாலும், எவரை அடித்தாலும், பள்ளியையே துறந்தாலும், வீட்டுக்குள் மறைத்துவைக்காமல் மருத்துவரை நாடுங்கள்.

இத்துறைக்கென்று ஒரு சிகிச்சைப் பிரிவு நம் நகரிலேயே இருக்கிறது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இல் தொடங்கிய அப்பிரிவுக்கு ஷட் கிளினிக் என்று பெயர். நேரில் செல்லத் தயங்குவோர் டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவியை நாடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அதன் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் பேசலாம். கன்னடமோ இந்தியோ சரளமாக வராத தாய்மார், தமிழில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.