சாவி யாரிடம்?

விடியற்காலையில் முதல் பேருந்தைப் பிடித்து வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கி அணிந்து பட்டத்துக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே!

இன்று உங்களிடம் ஒரு பூட்டிய பீரோவைப் பற்றிப் பேசப் போகிறேன். உகாண்டாவின் தென்மேற்கில், ம்பராரா வட்டாரத்தில், வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைச்சரிவில் ஒரு தொடக்கப் பள்ளி. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அறையில் இருந்தது அந்த இரும்பு பீரோ. அதற்குள் 100 மடிக்கணினிகள். அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஒரு கனவை உலகத்தின் முன் வைத்தார். ஏழை நாட்டுக் குழந்தைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிக்கணினி. விலை 100 டாலர். அந்தக் கனவுக்கு வேர், சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரின் சிந்தனை. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் அவர். குழந்தை கேட்டுக் கற்பதைவிடத் தானே ஒன்றைச் செய்துபார்த்து ஆழமாகக் கற்கிறது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். 2007 இறுதியில் அந்த இயந்திரம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது விலை 180 டாலரைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அது அருமையான இயந்திரம். பச்சையும் வெள்ளையுமாக, கைப்பிடியோடு, முயல் காதுபோல இரண்டு ஆன்டெனாக்கள். தூசியும் தண்ணீரும் எளிதில் புகாத ரப்பர் விசைப்பலகை. உச்சி வெயிலிலும் எழுத்து தெரியும் திரை. இணையம் இல்லாத ஊரிலும் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்.

2009-ல் அந்தத் திட்டத்தை நடத்திய அமைப்பு கல்லூரி மாணவர்களை அழைத்தது. தேர்வாகும் ஒவ்வோர் அணிக்கும் 100 மடிக்கணினிகள், செலவுக்கு 10,000 டாலர் வரை பணம். ஆப்பிரிக்காவில் ஒரு சமூகத்தைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டும். சுமார் 30 அணிகள் தேர்வாயின. ஜூன் மாதம் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் பயிற்சி. நான் அப்போது அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அணியில் நான்கு பேர். அவர்களில் ஒரு நண்பர் உகாண்டாக்காரர். அந்தப் பள்ளி அவருடைய அத்தை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதனால்தான் அந்த ஊர்.

பள்ளியில் 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். உகாண்டாவில் 1997-ல் தொடக்கக் கல்வி இலவசமானதும், சுமார் 30 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். வகுப்பறையும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை. எங்களிடம் இருந்ததோ 100 மடிக்கணினிகள். நான்காம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தோம். முதல் மூன்று வகுப்புகள் தாய்மொழியில் நடந்து, நான்காம் வகுப்பில்தான் அங்கே பாடம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. பிள்ளைகள் தடுமாறும் இடம் அது. அந்த இடத்தில் கைகொடுக்கலாம் என்று நினைத்தோம்.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம். பருவத்துக்கு முன்னதாகவே ஒரு மழை வந்துவிட்டது. தகரக் கூரை. மழை பிடித்ததும் ஆசிரியை சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தகரத்தின் மேல் அப்படி மழை அடிக்கும்போது கத்தினாலும் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. மழை வந்தால் பாடம் நிற்கும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அன்று பாடம் நின்ற பிறகும் யாரும் தலையைத் தூக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முன் பெஞ்சில் ஒரு சிறுமி ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித்தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். “எஞ்சுரா.” அவர்களுடைய ருன்யாங்கோரே மொழியில் மழை என்று பொருள். கடைசி பெஞ்சில் இருந்த பையன் திரையில் அது தோன்றியது. அவன் பதிலுக்குத் தட்டினான்: “எஞ்சுரா! எஞ்சுரா!” ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுக்க மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. யாருடைய வீட்டில் ஒழுகும், யாருடைய ஆடு நனையும், யார் இன்று தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. நாங்கள் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அந்தச் சத்தத்தின் நடுவே நான் அழுதேன். பேப்பர்ட் சொன்னது என் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

அந்த மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். அடுத்த வாரம் ஒரு தாய் மடிக்கணினியைத் துணியில் பொதிந்து, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். “இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உடைந்துபோனால் யார் கட்டுவது? எங்கள் ஆட்டை விற்றாலும் ஈடாகாது” என்றார். நாங்கள் சிரித்தோம். அன்போடுதான் சிரித்தோம். “அம்மா, இது உறுதியான இயந்திரம், உடையாது” என்று சொல்லி அனுப்பிவைத்தோம். அவர் கேட்டது பொறுப்பைப் பற்றிய கேள்வி. நாங்கள் சொன்னது பிளாஸ்டிக்கைப் பற்றிய பதில்.

விடுமுறை முடிந்தது. கிளம்பும் நாளில் ஒரு காகிதத்தை நீட்டினோம். “மடிக்கணினிகள் 100. பெற்றுக்கொண்டேன்.” தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டார். ஓர் ஆசிரியைக்கு மட்டும் முழுப் பயிற்சி கொடுத்திருந்தோம். ஊரே திரண்டு வழியனுப்பியது. விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஆண்டு ஜூனில் கைக்காசைப் போட்டு நானும் அந்த நண்பரும் திரும்பிப் போனோம். வகுப்பறையில் ஒரு மடிக்கணினிகூட இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். தலைமை ஆசிரியர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். ஒவ்வொன்றும் துடைத்து, பத்துப் பத்தாக அடுக்கியிருந்தது. மாதாமாதம் எண்ணிக் குறித்த நோட்டையும் காட்டினார். “நூறு கொடுத்தீர்கள். நூறும் இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை” என்றார்.

தம்பி தங்கைகளே, அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் கேட்டதை அவர் அப்படியே செய்திருந்தார். நூறுக்குக் கையெழுத்து வாங்கினோம். நூறைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஒன்று தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தோடு ஓர் ஆண்டு முழுக்க அந்தச் சாவியை இடுப்பில் சுமந்திருந்தார். மடிக்கணினி குழந்தைக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் ஐந்து கொள்கைகளில் முதலாவது. கிகாலியில் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவள்தான் நான். ஆனால் கிளம்பும்போது சாவியைக் குழந்தையிடம் கொடுக்கவில்லை. பயத்தோடு சேர்த்து ஒரு பீரோவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இது என் ஒருத்தியின் கதை என்றால் இந்த மேடையில் சொல்லியிருக்க மாட்டேன். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் இதே மடிக்கணினிகள் லட்சக்கணக்கில் பள்ளிகளுக்குப் போயின. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பிள்ளைகளின் பொதுவான அறிதிறனில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி உயரவில்லை. அதே கண்டத்தின் உருகுவேயோ 2007-ல் தொடங்கி 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கொடுத்து முடித்தது. கொடுத்ததோடு நிற்கவில்லை. பள்ளிகளுக்கு இணைய இணைப்பு, பழுது பார்க்க ஏற்பாடு, ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து துணை என எல்லாவற்றையும் சேர்த்தே திட்டமிட்டது. அங்கே குடியரசுப் பல்கலைக்கழகம் 2008-ல் பல துறை மாணவர்களைச் சிறு குழுக்களாக ஊர்களுக்கு அனுப்பி, பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் இருக்கவைத்தது. உருகுவேயின் மடிக்கணினித் திட்டம் இன்றும் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் பெட்டிகளோடு போய் இறங்கிய அதே 2009-ல்தான் உகாண்டாவில் செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை தொடங்கியது. யாரும் அதைத் தானமாகக் கொடுக்கவில்லை. ஆனால் அது ஊர் ஊராகப் பரவியது. கம்பாலாவில் கூலி வேலை செய்யும் மகன் கிராமத்துத் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. பணத்தைக் கையில் எண்ணிக் கொடுக்கக் கடைத்தெருவில் ஒரு முகவர் இருந்தார். தேவை ஊருக்குள் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஆளும் ஊருக்குள் இருந்தார்.

பீரோவின் முன் நின்ற நாங்கள் அன்று என்ன செய்தோம்? முதலில் அந்தக் கையெழுத்துக் காகிதத்தைத் தலைமை ஆசிரியர் முன்னாலேயே கிழித்தோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் பெற்றோரைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்தோம். அந்தத் தாயும் வந்திருந்தார். இந்த முறை அவர் கேள்விக்கு ஊரே உட்கார்ந்து பதில் சொன்னது. உடைந்தால் யாரும் பணம் கட்ட வேண்டாம்; சனிக்கிழமை பள்ளி மேசைக்குக் கொண்டுவந்தால் போதும். அந்த மேசைக்குப் பொறுப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அந்த மடிக்கணினியை ஒரு சாதாரண திருப்புளியால் கழற்றிவிடலாம். மாற்றுத் திருகாணிகளைக்கூட அதன் உள்ளேயே வைத்துச் செய்திருந்தார்கள். பிள்ளைகள் பழுது பார்க்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருந்தார்கள். பிள்ளைகளை நம்பாதவர்கள் நாங்கள்தான்.

அந்த நாட்களில் கூரையிலிருந்த சூரியத் தகட்டிலிருந்து வகுப்பறைக்குக் கம்பி பதிக்க நானும் நண்பரும் மண்வெட்டியால் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். தலையில் விறகுக்கட்டோடு போன ஒரு பாட்டி நின்று, “வெபாரே குகோரா” என்று சொல்லிவிட்டு நடந்தார். முந்தைய ஆண்டு பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தபோது எல்லோரும் “வெபாரே” என்றார்கள். நன்றி என்று பொருள். பின்னால் சேர்ந்த இந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். நண்பர் விளக்கினார். வேலை செய்பவரைக் கடந்து போகும்போது சொல்லும் வார்த்தையாம் அது: “வேலை செய்கிறாயே, நன்றி.” அவரவர் தோட்டத்தில் களையெடுப்பவரிடமும் சொல்வார்களாம். கொடுப்பவருக்கு ஒரு வணக்கம், உழைப்பவருக்கு வேறொரு வணக்கம். இரண்டாவதைச் சம்பாதிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

அந்த மடிக்கணினிகள் ஒவ்வொன்றாக வயதாகி நின்றுபோயின. இயந்திரத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். சனிக்கிழமை மேசை நிற்கவில்லை. ரேடியோ வந்தது, டார்ச் லைட் வந்தது, பிறகு செல்போன்கள் வந்தன. பழுது பார்க்கும் கைகள் மட்டும் வருடாவருடம் மாறின.

உங்களுக்கு இது புரியும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். அது பள்ளி பீரோவில் தங்காமல் பிள்ளையோடு வீட்டுக்குப் போனது. அக்காவிடமிருந்து தம்பிக்குப் போனது. உங்களில் சிலர் முதல் வரி நிரலை அதில்தான் எழுதியிருப்பீர்கள். தனக்கென்று ஒரு பொருள் இருக்கும்போது பயமில்லாமல் தட்டிப் பார்க்கும் விரலின் துணிச்சல் உங்களுக்குத் தெரியும்.

இனி நீங்கள் பல ஊர்களுக்குப் போவீர்கள். மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதுவீர்கள், குடிநீர்த் திட்டம் போடுவீர்கள், பள்ளிக்கு நூலகம் அமைப்பீர்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான் போன பிறகு சாவி யாரிடம் இருக்கும்? அவருக்கு அதைத் திறக்கும் தைரியத்தைக் கொடுத்திருக்கிறேனா? பயந்த முகத்தோடு ஒரு தாய் வந்து ஏதாவது கேட்டால், சிரிக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் திட்ட அறிக்கையில் விடுபட்ட பக்கம் அவரிடம் இருக்கும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாம் போயிருப்பீர்கள். ஏழு நாளும் நல்ல நாட்களே. நான் உங்களிடம் கேட்பது எட்டாம் நாளை. மாலை, புகைப்படம், கைதட்டல் எதுவும் இல்லாமல் திரும்பிப் போய், என்ன ஆயிற்று என்று பார்க்கும் அந்த நாளை.

நிறைவாக, பின்வரிசையில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த நாளோடு நீங்கள் நின்றுவிடவில்லை. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எட்டாம் நாள்தான். அந்தப் பாட்டி எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லி விடைபெறுகிறேன்.

வெபாரே குகோரா. வேலை செய்கிறீர்களே, நன்றி.