தாவரப் புரதங்களும் பூஞ்சை எதிர்ப்பும்

பயிர் நோய்களில் பெரும்பகுதி பூஞ்சைகளால் வருவதென்றாலும், ஒரு செடியைச் சுற்றி மண்ணிலும் காற்றிலும் நிறைந்திருக்கும் எண்ணற்ற பூஞ்சை இனங்களில் மிகச் சிலவே அச்செடியில் நோயை உண்டாக்குகின்றன என்பதும் அதே அளவு உண்மையாகும். விலங்குகளுக்குள்ள வெள்ளையணுக்களோ எதிர்ப்பொருள்களோ இல்லாமலும், இடம்பெயர்ந்து தப்ப வழியில்லாமலும் நிலைத்து நிற்கும் தாவரம், தன் உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புக்குரிய பொருள்களை ஆக்கிக்கொள்ளும் திறன் பெற்றுள்ளது. அப்பொருள்களுள் புரதங்களே இச்சொற்பொழிவின் பொருள்.

1970ஆம் ஆண்டில், வைரஸ் தாக்கிய புகையிலை இலைகளில் நலமான இலைகளில் காணப்படாத சில புரதங்கள் சேர்வது கண்டறியப்பட்டு, பின்னர் அவை நோய்சார் புரதங்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் ஒரு பிரிவு கைட்டினேஸ், அதாவது கைட்டினைச் சிதைக்கும் நொதி, என்பது பின்னர் தெளிவானது. கைட்டின் என்பது பூஞ்சைகளின் செல் சுவருக்கு உறுதி தரும் சர்க்கரைச் சங்கிலி. தாவர உடலில் அது எங்கும் இல்லை. தன்னிடம் இல்லாத பொருளைச் சிதைக்கும் நொதியைத் தாவரம் ஏன் ஆக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அவரைக் குடும்பச் செடியின் கைட்டினேஸ் பூஞ்சை வளர்ச்சியைத் தடுப்பதை 1986இல் வெளியான ஆய்வு காட்டியபோது விடை கிடைத்தது. பூஞ்சை இழை நுனியில்தான் வளர்கிறது. அங்கே புதிதாக உருவாகும் கைட்டின் இன்னும் மூடப்படாமல் இருப்பதால், நொதி அந்த இடத்திலேயே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகளை நெல் போன்ற செடிகளின் ஏற்பிகள் உணர்ந்து மற்றப் பாதுகாப்புகளையும் முடுக்கிவிடுவதால், ஒரே செயல் தாக்குதலாகவும் எச்சரிக்கையாகவும் அமைகிறது. சுவரின் இன்னொரு பகுதியான குளுக்கனைச் சிதைக்கும் நொதி உடன் சேரும்போது, கைட்டினேஸ் தனித்து நின்று தடுக்க இயலாத பூஞ்சைகளும் அடங்குகின்றன.

இவற்றினும் சிறியவை டிஃபென்சின்கள். ஏறத்தாழ 45 முதல் 54 அமினோ அமிலங்களே கொண்ட இப்புரதங்களில், சிஸ்டைன் என்னும் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் இணை இணையாகப் பிணைந்து, பெரும்பாலும் நான்கு பிணைப்புகளால் மடிப்பை இறுக்கிக் கட்டுவதால், வெப்பமும் புரதம் செரிக்கும் நொதிகளும் இவற்றை எளிதில் குலைப்பதில்லை. முள்ளங்கி விதையிலிருந்து 1992இல் பிரித்தெடுக்கப்பட்ட இரு டிஃபென்சின்கள் இவற்றின் பயனை நன்கு விளக்குகின்றன. முளைக்கும்போது விதையுறை பிளந்தவுடன் இவை வெளியே கசிந்து, இளமுளையைச் சுற்றிப் பூஞ்சை நுழையாத ஒரு வட்டத்தை உண்டாக்குகின்றன; முளையின் வாழ்வில் ஆபத்து மிகுந்த பொழுதும் அதுவே என்பதால், இந்த ஏற்பாடு சிக்கனத்துக்கும் நல்ல சான்று.

இவை எதைப் பற்றிக்கொள்கின்றன என்பதே இத்துறையின் சுவையான பகுதி. முள்ளங்கி டிஃபென்சின் பூஞ்சைச் சவ்விலுள்ள குளுக்கோசில்செராமைடு என்னும் சர்க்கரை சேர்ந்த கொழுப்பைப் பற்றுகிறது. இக்கொழுப்பு தாவரத்திலும் மனிதரிலும் உண்டு. ஆயினும் பூஞ்சையின் கொழுப்பில் மட்டும் ஒன்பதாவது கார்பனில் ஒரு மீத்தைல் கிளை இருக்கிறது. அலங்காரப் புகையிலைச் செடியின் பூவிலிருந்து கிடைக்கும் 47 அமினோ அமிலங்களுள்ள டிஃபென்சினோ வேறு வழியில் இயங்குகிறது: அது இழைக்குள் புகுந்து, சவ்வின் உட்புறத்திலுள்ள பாஸ்பேட் ஏறிய கொழுப்பைப் பற்றிச் சவ்வை உடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதன் மரபணுவைப் பருத்தியில் புகுத்தி மூன்று பருவங்கள் வயலில் வளர்த்தபோது, ஃபியூசேரியம், வெர்ட்டிசிலியம் வாடல் நோய்களை அச்செடிகள் மேலாகத் தாங்கின.

பூஞ்சை இதற்கு வாளாவிருப்பதில்லை. தக்காளி இலைப் பூஞ்சை ஒன்று, தன் கைட்டினைத் தானே ஒரு புரதத்தால் போர்த்திச் செடியின் கைட்டினேஸிடமிருந்து காத்துக்கொள்கிறது. கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபியூசேரியத்தில் குளுக்கோசில்செராமைடு ஆக்கும் மரபணுவை நீக்கிய ஆய்வு (2007), அப்பூஞ்சை குதிரைமசால் டிஃபென்சினிலிருந்து தப்புவதையும், அதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு டிஃபென்சினுக்கு இன்னும் பலியாவதையும் காட்டியது. தப்பிய பூஞ்சையின் இழை வளர்ச்சியும் சீர்குலைந்தது. எதிர்ப்புத்திறன் பெறுவது பூஞ்சைக்கு இலவசமன்று. எனினும் ஒற்றைப் புரதத்தை நம்பிப் பயிரைக் காக்க முயல்வது, ஒற்றைப் பூஞ்சைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்து வந்த தவற்றையே மீண்டும் செய்வதாகும்.

தமிழ்நாட்டு வாழை உழவர்க்கு டிஃபென்சின் ஆய்வு நேரடித் தொடர்புடையது. ரஸ்தாளி, ஃபியூசேரியம் வாடல் நோய்க்கு எளிதில் ஆட்படும் வாழை இரகம். நோய்ப் பூஞ்சையின் தடித்த உறையுள்ள வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், ஒருமுறை பாதித்த நிலத்தில் அதை மீண்டும் நடுவது கடினம். பெட்டூனியா மலரின் டிஃபென்சின் மரபணுக்களை ரஸ்தாளியில் புகுத்தி, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவுகள், அச்செடிகள் அப்பூஞ்சையை எதிர்த்து நின்றதைக் காட்டின. ஆனால் ஆய்வகத்தில் நல்ல பலன் தரும் பல டிஃபென்சின்கள், கால்சியம் போன்ற உப்பயனிகள் மிகுந்த சூழலில் வலுவிழக்கின்றன. ஆகவே வேர்த் திசுவுக்குள் புரதம் சேரும் அளவு, அங்குள்ள உப்பின் செறிவு, உடன் செயல்படும் கைட்டினேஸின் இருப்பு ஆகியவற்றை ஒருங்கே அளந்தறியும் வயல்வெளிச் சோதனைகளே ரஸ்தாளிக்கு அடுத்து வேண்டப்படுவன.