கறுப்புக் குதிரைச் சந்தியில் ஒரு சித்திர மண்டபம்

மும்பை மாநகரின் தென்பகுதியிலே ‘காலா கோடா’ என்று வழங்கும் ஓரிடம் உண்டு. கறுப்புக் குதிரை என்பது அதன் பொருள். வேல்ஸ் இளவரசராக இருந்து பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர் குதிரைமீது அமர்ந்திருக்கும் கருநிறச் சிலையொன்று முன்னர் அங்கே நின்றது. 1965ஆம் ஆண்டில் மன்னரையும் குதிரையையும் நகரின் மிருகக்காட்சிச்சாலை வளவுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். பெயர் மாத்திரம் போகவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து, 2017இல், வேறொரு கறுப்புக் குதிரை அங்கு நிறுத்தப்பட்டது. இம்முறை அதன் முதுகில் எவரும் இல்லை. மன்னரை மறந்து குதிரையை நினைவில் வைத்துக்கொண்ட ஊர் அது! அந்தச் சந்திக்கு அண்மையில், பழைய நூதனசாலையின் வளவை ஒட்டி, 1952இல் எழுந்தது ஜெஹாங்கீர் கலாமண்டபம். இந்தியாவின் தற்கால ஓவியர்கள் தம் படைப்புகளைப் பொதுமக்கள் முன் வைத்த வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் சில அந்த மண்டபத்தின் சுவர்களில் எழுதப்பட்டவை.

கவிஞன் எழுதியதைப் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் ஒரு நாள் யாராவது எடுத்துப் படிக்கக்கூடும். ஓவியன் நிலை வேறு. அவனுக்குச் சுவர் வேண்டும்; சுவருக்கு வெளிச்சம் வேண்டும்; வெளிச்சத்திலே நின்று பார்க்க மனிதர் வேண்டும். 1940களின் பம்பாயில் இம்மூன்றும் ஒருங்கே கிடைப்பது அரிது. 1888இல் நிறுவப்பட்ட பம்பாய்க் கலைச் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தி வந்தது உண்மைதான். ஆனால், ஆங்கிலேயர் வகுத்த பள்ளி முறையில் வரைந்த உருவப் படங்களுக்கும் இயற்கைக் காட்சிகளுக்குமே அங்கு மதிப்பு மிகுதி. அந்த வழியை விட்டு விலகியவர்கள் எங்கே போவது? பிறின்சஸ் வீதியில் கேக்கூ காந்தி என்னும் பார்ஸி இளைஞர் படங்களுக்குச் சட்டம் போடும் தொழில் நடத்தினார். தமது சட்டங்களின் அழகைக் காட்டுவதற்காக அவற்றினுள்ளே புதிய ஓவியர்களின் படங்களை வைத்துக் கடையின் கண்ணாடி யன்னலில் மாட்டினார். சட்டம் வாங்க வந்தவர்கள் சித்திரத்தையும் பார்த்துப் போனார்கள். நவீன ஓவியத்துக்கு அந்நகரம் அளித்த முதற் சுவர்களுள் ஒன்று இந்த யன்னல் என்று சொன்னால் பிழையாகாது.

1947இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே, ஆறு பேர் கூடி ‘முற்போக்குக் கலைஞர் குழு’ என்றொரு சங்கத்தை அமைத்தனர். அந்த ஆறு பேரையும் ஒரு சேர எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கோவாவிற் பிறந்த கத்தோலிக்கரான பிரான்சிஸ் நியூட்டன் சூசா, மத்திய இந்தியக் காட்டுப் பகுதியில் வளர்ந்த சையத் ஹைதர் ராசா, சினிமாக் கொட்டகைகளுக்குப் பெரும் விளம்பரப் பலகைகள் தீட்டி வயிறு வளர்த்த மக்பூல் ஃபிதா ஹுசைன், வீட்டு வேலைக்காரராய் இருந்து, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறையும் சென்ற ஆரா, விஞ்ஞானம் பயின்ற கடே, சிற்பியான பாக்ரே. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் நாட்டையே இரு கூறாக்கிக் குருதி சிந்தவைத்த அதே வேளையில், இவர்கள் ஒரே அறையில் இருந்து வர்ணங் குழைத்தார்கள். இலங்கையில் இதே வேட்கையோடு ‘43ஆம் குழு’ அதற்கு நான்காண்டு முன்னரே கொழும்பில் தோன்றியிருந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற்றைப் பற்றிய நூலொன்றை 1950இல் வெளியிட்டதும் பம்பாயிலிருந்த ‘மார்க்’ வெளியீட்டகமே.

இந்த இளைஞர்களுக்குத் துணை நின்றவர்களிற் குறிப்பிடத்தக்க மூவர் அந்நியர். ஒஸ்திரிய ஓவியர் வால்ட்டர் லாங்ஹாமர், ஜேர்மானியரான பத்திரிகை விமர்சகர் ருடோல்ஃப் பொன் லேடன், வியன்னாவிலிருந்து வந்த வணிகர் இமானுவேல் ஷ்லெசிங்கர் ஆகியோர் ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர்கள். ஒருவர் கற்பித்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் விலை கொடுத்து வாங்கினார். இவர்கள் விட்டு வந்த உலகிலே 1937இல் நடந்த ஒரு கண்காட்சியை இங்கே நினைக்க வேண்டும். மியூனிக் நகரில் ஜேர்மன் அரசாங்கம் நவீன ஓவியங்களைச் சேகரித்து, ‘சீரழிந்த கலை’ என்று பெயரிட்டு, மக்கள் பார்த்து நகைப்பதற்கென்றே அவற்றை மாட்டியது. ஓவியத்தைச் சுவரில் மாட்டுவது அதனை மதிப்பதற்காக மட்டுமன்று, அவமதிப்பதற்காகவும் ஆகலாம் என்பதை அந்த மூவரும் அறிந்திருந்தனர். மாட்டுகிறவனுடைய நோக்கம் எது, மாட்டவேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருடையது என்பவை அவர்களுக்கு ஏட்டுக் கேள்விகள் அல்ல.

முற்போக்குக் குழுவின் கண்காட்சி 1949இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் அதனைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில் சூசா வேறொரு கண்காட்சியில் வைத்த ஆடையற்ற உருவம் ஒன்று ஆபாசமெனக் கூறி அகற்றப்பட்டது. மனங் கசந்த சூசா அவ்வாண்டே லண்டனுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டில் ராசா பாரிஸ் சென்றார். பாக்ரேயும் இங்கிலாந்து போனார். குழு பெயரளவில் 1956 வரை நிலைத்தது. ஆனால், அதன் வேகம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டது எனலாம்.

இந்த நிலையிலேதான் மண்டபம் வந்தது. சேர் கவாஸ்ஜி ஜெஹாங்கீர் இறந்துபோன தம் மகன் ஜெஹாங்கீரின் நினைவாக அதற்குப் பொருள் கொடுத்தார். ஓவியர் ஹெப்பாரும், அணு விஞ்ஞானியும் ஓவியப் பிரியருமான ஹோமி பாபாவும் அதற்காக வாதாடியவர்கள். துர்கா பாஜ்பாய் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த கொங்கிறீற்றுக் கட்டடம் அது. அதன் வாசலிலே தூணின்றி முன்னே நீண்டு, விளிம்பு அலைபோல் வளையும் கூரை ஒன்று உண்டு. மழைக்கு ஒதுங்கி அதன் கீழே நிற்பவர்கள், ‘வந்ததுதான் வந்தோம், உள்ளேயும் பார்த்துவிடுவோம்’ என்று நுழைந்துவிடக் கூடிய அமைப்பு. நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரபுக்களின் விருந்து மண்டபத்திலே மாட்டப்பட்ட படத்துக்கும், தெருவிற் போகிறவன் நின்று பார்க்கும் படத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கே தொடங்குகிறது. முன்னையதை எவரும் குற்றஞ் சொல்வதில்லை. பின்னையதைக் குற்றஞ் சொல்ல எவருக்கும் இயலும்.

குற்றஞ் சொல்லும் நாள் வர நெடுங்காலம் ஆகவில்லை. 1928இல் பிறந்த அக்பர் பதம்சி, பம்பாய்ச் சேர் ஜே. ஜே. கலைக் கல்லூரியில் பயின்று பாரிஸ் சென்று திரும்பிய இளைஞர். 1954இல் ஜெஹாங்கீர் மண்டபத்தில் அவருடைய முதலாவது தனிக் கண்காட்சி நடைபெற்றது. ‘காதலர்’ என்ற தலைப்பில் ஆணும் பெண்ணும் ஆடையின்றி இருக்கும் இரண்டு படங்கள் அங்கே இருந்தன. ஆடவனின் கை பெண்ணின் மார்பிலே படிந்திருந்தது. பொலிசார் வந்து அவற்றைக் கழற்றும்படி கூறினர். கழற்றியிருந்தால் விஷயம் அன்று மாலையே முடிந்திருக்கும். மற்றப் படங்கள் இருக்கின்றன, விற்பனை நடக்கும், பேரும் கெடாது என்று நல்லெண்ணத்தோடு சொல்ல எத்தனையோ பேர் இருப்பார்கள். இருபத்தாறு வயதை எட்டிக்கொண்டிருந்த அந்த ஓவியர் மறுத்தார். வழக்குத் தொடுக்கப்பட்டது.

இந்தியச் சிற்பங்களில் தேவ தம்பதியர் இதே நிலையில், இதே கைவைப்போடு, நூற்றாண்டுகளாக இருந்து வருகிறார்கள். கல்லிலே இருந்தால் பக்தியும் புராதனமும். கன்வஸ் துணியிலே இருந்தால் குற்றம் என்பது நியாயந்தானா? இந்தக் கேள்விக்குச் சட்டம் விடை சொல்ல வேண்டியதாயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. தீர்ப்பு ஓவியருக்குச் சாதகமாயிற்று. பதம்சி அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நாட்டின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவராக மதிக்கப்பெற்று, 2020இல் மறைந்தார். 1949இல் சூசா நாட்டை விட்டுப் போனார். 1954இல் பதம்சி நின்று வழக்காடினார். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஐந்தாண்டுகளிற் பம்பாய்க்குக் கிடைத்தது பொதுச் சுவர் ஒன்று. அந்தச் சுவர் மட்டுமே காரணம் என்று வாதிப்பது மிகையாகும். மனிதரின் இயல்பும் வேறு. ஆயினும், தனக்குரிய இடம் என்று ஒன்றில் நிற்பவனுக்கு உண்டாகும் உறுதி எளிதிற் கிடைப்பதன்று.

இதன்பின் மண்டபத்தின் வாழ்வு விரிந்தது. படச்சட்டக் கடை கேக்கூ காந்தி, தம் மனைவி கோர்ஷெட்டோடு 1963இல் அதன் முதலாம் மாடியிலேயே ‘கெமோல்ட்’ என்ற தனி ஓவியக்கூடத்தைத் திறந்தார். மறு வருடம் கீழே ‘சமோவார்’ என்ற தேநீர்ச்சாலை வந்தது. காசில்லாத ஓவியர்கள் ஒரு கோப்பைத் தேநீரோடு பொழுதைக் கழிக்க இடம் கொடுத்த அது 2015 வரை நடந்தது. கணக்காய்வாளராய்த் தொழில் பார்த்துக்கொண்டே படம் வரைந்த பூபேன் காக்கர் தம் முதற் தனிக் கண்காட்சியை 1965இல் இங்கேதான் வைத்தார். கடைத்தெருவிலே விற்கும் சுவாமிப் படங்களை வெட்டி ஒட்டி அவர் செய்த படைப்புகள், நல்ல ரசனை என்பது யாருடைய சொத்து என்று பார்த்தவர்களை யோசிக்கவைத்தன.

ஹுசைனும் இங்கே பல முறை தம் படங்களை வைத்தார். 1990களின் தொடக்கத்திலே ஒரு தடவை அவர் மண்டபத்தில் ஒரு படமும் மாட்டவில்லை. வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, தரையெங்கும் பத்திரிகைத் தாள்களைப் பரப்பி, ‘ஸ்வேதாம்பரி’ எனப் பெயரிட்டார். படம் பார்க்க வந்தவர்களுட் சிலர் ஏமாந்தார்கள் என்றால் அவர்களைக் குறை கூறவும் இயலாது. ஆனால், அவருக்கு வந்த பெருஞ் சோதனை வேறு. தேவியரை ஆடையின்றி வரைந்தார் என்று 1996 முதல் அவர்மீது கண்டனம் எழுந்தது. 1998இல் அவருடைய மும்பை வீடு தாக்கப்பட்டது. பல ஊர்களில் வழக்குகள் குவிந்தன. 2006இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008இல் டில்லி உயர் நீதிமன்றம் ஆபாசக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. பதம்சிக்கு 1954இல் தொடங்கிய வழக்கிற் கிடைத்த வெற்றியே ஹுசைனுக்கும் கிடைத்தது. ஆயினும், ஹுசைன் திரும்பி வரவில்லை. அதே 2008இல் புதுடில்லியில் நடந்த பெரிய கலைச் சந்தையிலே, குழப்பம் நேரும் என்ற அச்சத்தால், அவர் படம் ஒன்றுகூட வைக்கப்படவில்லை. நீதிபதி அனுமதித்ததைச் சுவருக்குரியவர்கள் அனுமதிக்கவில்லை. 2010இல் கட்டார் நாட்டுக் குடியுரிமை பெற்ற அவர் 2011இல் லண்டனிற் காலமானார்.

பதம்சியின் வழக்கு ஆண்டாகிய அதே 1954இல் ஹுசைன் ‘கிராம யாத்திரை’ என்ற நீண்ட ஓவியத்தைத் தீட்டினார். அதனை வாங்கிச் சென்ற மருத்துவர் ஒருவர் மூலம் அது நோர்வே நாட்டு ஒஸ்லோ நகரின் மருத்துவமனை ஒன்றுக்குச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. 2025 மார்ச்சில் நியூயோர்க்கில் ஏலம் விட்டபோது அதன் விலை ஒரு கோடியே முப்பத்தேழு இலட்சம் டொலரையும் தாண்டியது. வரைந்தவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

ஜெஹாங்கீர் மண்டபத்திலே ஒரு வாரக் கண்காட்சிக்கு இடம் கேட்டு எழுதும் ஓவியர் அதற்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்கிறது. காத்திருக்க முடியாதவர்கள் தம் படங்களை மண்டபத்துக்கு வெளியே நடைபாதையோரத்தில் வரிசையாகச் சார்த்தி வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். அங்கே சட்டமும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. மழைக்காலத்தில் மேலே ஒரு தாள்விரிப்பு. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அந்தப் படங்களைக் கடந்துதான் நடக்கவேண்டும்; சிலர் நின்று குனிந்து பார்த்து விலை கேட்கிறார்கள்.