ஓநாயின் பெயர் தாங்கிய நோய்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் மணக்கும் இம்மேடையில் ஒரு நோயைப் பற்றிப் பேச முன்வந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். லூபஸ் என்னும் அந்நோய் எங்கள் இல்லத்தில் புகுந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அறியாமையால் நான் இழைத்த பிழையை நம் குடியிருப்பில் வேறு எவரும் இழைத்தலாகாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. காலையில் கைவிரல்கள் மடங்கவில்லை என்பாள்; மாலையில் காய்ச்சல் என்பாள். தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. வாயில் புண் தோன்றித் தோன்றி மறைந்தது. மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற் போன்று ஒரு தடிப்பு படர்ந்தது. படுக்கையினின்றும் எழ இயலாத அவளைச் சோம்பேறி என்று நான் கடிந்துகொண்டேன். ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறே கழிந்தது. கால்கள் வீங்கிச் சிறுநீரில் நுரை கண்ட பின்னரே தக்க மருத்துவரை நாடினோம். அதற்குள் நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது.

லூபஸ் என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். முகத்துப் புண்கள் ஓநாய் கடித்தாற் போன்றிருந்தமையின் அப்பெயர் வந்தது என்பர். இது தோலோடு நில்லாது உள்ளுறுப்புகளையும் தாக்கும் என்பதை வியன்னா நகரத்து மருத்துவர் காப்போசி 1872-இல் எடுத்துரைத்தார்.

கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. அப்படை தன் உடலையே பகையென மயங்கித் தாக்குவதே இந்நோய். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான். நோயுற்றோர் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்கள். அவருள்ளும் பெரும்பாலோர் மகப்பேற்று வயதினர். இது தொற்றுநோய் அன்று. உடன் உண்பதாலும் உறங்குவதாலும் பரவாது. முன்வினைப் பயனும் அன்று. தாயின் வளர்ப்புக் குறையும் அன்று.

1955-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கணக்கின்படி, நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள் கழிந்த பின் உயிரோடிருந்தோர் ஏறத்தாழப் பாதிப் பேரே. இன்றோ, நன்மருத்துவம் பெறுவோருள் பத்தில் ஒன்பதின்மர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் வாழ்கின்றனர். மலேரியாவிற்கென வந்த மருந்து வகையைச் சேர்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இந்நோய்க்கு அடிப்படை மருந்தாக விளங்குகிறது. அதனை உண்போர் மருத்துவர் கூறும் காலங்களில் கண்களைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை, உடல் நலமாயிற்று என்று எண்ணித் தாமாகத் திடீரென நிறுத்துதல் பெருந்தீங்கு. நெடுநாள் அதனை உண்டவர் உடலில் இயற்கைச் சுரப்பு குறைந்திருக்கும். மருத்துவர் வழி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். சிறுநீரக பாதிப்பு பல வேளைகளில் வலியின்றியே வளருமாதலால், சிறுநீர்ச் சோதனையும் இரத்த அழுத்தச் சோதனையும் ஒருபோதும் தவறலாகாது.

வெயிலும் இந்நோயின் பகை. அது தோலை மட்டுமன்றி அடங்கியிருந்த நோய் முழுவதையுமே கிளப்பிவிடக்கூடும். குளிர்காலத்தில் புல்வெளியில் பாய் விரித்து வெயில் காய்வது நம் தில்லி வாழ்க்கையின் இன்பங்களுள் ஒன்று. என் மகளுக்கு அவ்வின்பம் இல்லை. அவள் குடை பிடித்துச் செல்வதைக் கண்டு நகைத்தவர்களும் இருந்தனர். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. நானே அறியாதிருந்தவன் அன்றோ!

இறுதியாகத் திருமணம் பற்றி ஒரு சொல். நோயை மறைத்து மணம் முடிப்போர் உண்டு. அப்பெண் புக்ககத்தில் மாத்திரையை ஒளித்து உண்பாள். ஒளிக்க இயலாத நாளில் விட்டுவிடுவாள். அந்நாளில்தான் ஓநாய் விழித்துக்கொள்ளும். நோய் ஆறு திங்களேனும் அடங்கியிருந்து, மருத்துவர் கருத்தின்படி மருந்துகளை மாற்றிக்கொண்டால், இப்பெண்களுள் பலர் நலமே தாயாகின்றனர். எங்கள் இல்லத்திற்கு வந்தோரிடம் முதல் நாளே உண்மையைக் கூறினோம். இரு குடும்பத்தார் திரும்பிச் சென்றனர். மூன்றாவதாக வந்த இளைஞர், "எந்தெந்த வேளையில் மருந்து உண்ண வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். அவரே இன்று எங்கள் மருமகர்.

அன்பர்களே! ஊரும் உறவும் தொலைவிலிருக்க, நாம் ஒருவருக்கொருவர் உறவாக வாழ்கிறோம். அடுத்த வீட்டுப் பெண் களைத்துக் கிடந்தால், "சோம்பல்" என்று சொல்லுமுன் "என்ன செய்கிறது, அம்மா?" என்று கேளுங்கள். ஓராண்டுக் காலம் என் நாவில் வாராத கேள்வி அது.