தகவலும் பதிலும்: இணையவழி அரசாட்சியின் இரு கடமைகள்

அரசாட்சியில் இணையம் இரண்டு வேலைகளைச் செய்யும். கோப்பில் கிடப்பதைக் குடிமக்கள் பார்வைக்குக் கொண்டுவருவது ஒன்று. குடிமக்கள் சொல்வதை முடிவெடுப்போரிடம் கொண்டுசேர்ப்பது மற்றொன்று. இரண்டுக்கும் கணினி மட்டும் போதாது. தகவலைத் தந்தே ஆக வேண்டும், கருத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டும். பட்டம் பெற்று வெளியேறும் தலைமுறை எந்தத் துறைக்குச் சென்றாலும் இந்த அடிப்படை அதற்குப் பயன்படும்.

இந்தியாவில் இக்கட்டாயம் பிறந்தது கிராமத்துப் பந்தல்களில். ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, 1994 முதல் ‘ஜன் சுன்வாய்’ என்னும் மக்கள் விசாரணைகளை நடத்தியது. ஊராட்சி வேலைகளின் வருகைப் பதிவேடுகளும் பற்றுச்சீட்டுகளும் ஊரார் முன் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. 1997-இல் தமிழ்நாடும் கோவாவும் தகவல் உரிமைச் சட்டங்களை இயற்றின. நாடு தழுவிய சட்டம் 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்கு 30 நாட்களில் பதில் தர வேண்டும் என்பது அதன் பரவலாக அறியப்பட்ட விதி. அதன் 4-ஆம் பிரிவோ, யாரும் கேட்பதற்கு முன்பே இணையம் உள்ளிட்ட வழிகளில் தகவலை வெளியிடச் சொல்கிறது.

ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பர் 13-இல் தொடங்கிய ‘ஜன் சூச்னா’ இணையதளம் அந்தப் பிரிவைச் செயல்படுத்த எழுந்தது. நியாயவிலைக் கடை வழங்கல், ஓய்வூதியம் போன்ற விவரங்களை அதில் ஊராட்சி, வார்டு அளவில் பார்க்க முடிகிறது. இந்த நுணுக்கமே அதன் வலிமை. மாநில மொத்தத்தைத் தனியாள் எவராலும் சரிபார்க்க முடியாது. சொந்தத் தெருவின் பயனாளிப் பட்டியலில் இறந்தவர் பெயர் இருந்தால் அடுத்த வீட்டாருக்கே தெரியும்.

கருத்துக் கேட்பதில் சிக்கல் கூடுதல். 2015-இல் இணையச் சமநிலை குறித்துத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. உள்ளடக்கத்துக்கு ஏற்ப வேறு வேறு கட்டணம் விதிப்பதை ஆணையம் 2016 பிப்ரவரி 8-இல் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் மின்னஞ்சல்களை வெளியிட்டபோது அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே வெளியாயின. திறக்க வேண்டியது அரசின் கோப்பு. குடிமக்களின் அந்தரங்கம் அன்று.

எண்ணிக்கை மக்களின் வேகத்தைக் காட்டும். எதில் உடன்பாடு, எதில் வேறுபாடு என்பதைக் காட்டாது. 2014-ஆம் ஆண்டின் மாணவர் போராட்டத்துக்குப் பின் தைவானில் உருவான ‘வி-தைவான்’ (vTaiwan) முயற்சி இக்குறையைக் களைய முயன்றது. அது கையாண்ட ‘போல்.இஸ்’ (Pol.is) மென்பொருளில் பிறர் கருத்துக்கு மறுமொழி எழுத வழியில்லை. ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். அதனால் வசைச் சண்டைக்கு இடமின்றி, எதிரெதிர் அணிகளும் ஏற்கும் கருத்துகள் மேலெழுகின்றன. 2015-இல் ஊபர் வாடகைக்கார் விவகாரம் இவ்வாறு விவாதிக்கப்பட்டது. அந்நாட்டின் ‘ஜாயின்’ தளத்தில் 60 நாட்களில் 5,000 பேர் ஆதரிக்கும் கோரிக்கைக்கு உரிய அமைச்சகம் பதிலளிக்க வேண்டும்.

கட்டாயம் இல்லாவிட்டால் நேர்வதை ஐஸ்லாந்து காட்டியது. அங்கே 25 பேர் கொண்ட குழு 2011-இல் புதிய அரசியலமைப்பின் வரைவுகளை இணையத்தில் வைத்து, மக்கள் கருத்தைக் கேட்டு எழுதியது. 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தனர். அந்த வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாததால் வரைவு நிறைவேறவில்லை. சட்ட வரைவுகளை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லும் இந்தியாவின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கைக்கும் சட்ட வலு இல்லை.

கைபேசி இல்லாதவரும் எழுத்தறியாதவரும் இத்தளங்களுக்கு வெளியே நிற்கிறார்கள். எனவே இணையத்தில் உள்ள பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்படவும் வேண்டும். படித்தவர்களின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. பொறியாளர் ஊர் அளவில் தேடக்கூடிய தளத்தை அமைக்கலாம். வணிகவியல் படித்தவர் ஊராட்சிக் கணக்கை எளிய தமிழில் விளக்கலாம். அரசுப் பணியில் சேர்பவர் 4-ஆம் பிரிவின்படி தம் அலுவலகத் தகவலைத் தாமே வெளியிடலாம். இவற்றுள் கடைசியானது சலுகையன்று, சட்டக் கடமை.