எத்தனை வருஷம் இருந்தால் ஊர்க்காரன்?

(திருமுல்கேரியில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை. பேசியவாறே வெளியிடுகிறோம்.)



அமெரிக்க அரசியலைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் அமெரிக்காவைப் பார்த்தவன் இல்லை. லேத் மிஷினுக்கு முன்னால் முப்பத்தெட்டு வருஷம் நின்றவன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். என் இளைய மகன் டெக்ஸாஸ் மாநிலத்தில் எச்-1பி விசாவில் இருக்கிறான். 2025 ஜனவரியில் என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்த மாதம் 20ஆம் தேதி டிரம்ப் இரண்டாம் முறையாக ஜனாதிபதியானார். அன்றைக்கே ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்க மண்ணில் பிறந்தாலும், தாய் அங்கே அனுமதியில்லாமல் இருந்தால், அல்லது தற்காலிக விசாவில் இருந்தால், தகப்பனும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவனாகவோ இல்லாவிட்டால், அந்தக் குழந்தை அமெரிக்கக் குடிமகன் அல்ல என்பது அந்த உத்தரவு. முப்பது நாளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு அது பொருந்தும் என்றார்கள்.

அன்று முதல் அமெரிக்கச் சட்டம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டது. என் மனைவி ரேஷன் கார்டைத் தவிர வேறு சர்க்கார் காகிதத்தை வாசித்ததில்லை. அவள் "பதினாலாவது திருத்தம்னா என்னங்க?" என்று கேட்டாள். அதனால்தான் நானும் படித்தேன்.

அது 1868இல் வந்தது. அதற்கு முன் 1857இல் டிரெட் ஸ்காட் என்ற கறுப்பு அடிமையின் வழக்கில், கறுப்பர்கள் அந்த நாட்டின் குடிமக்களே ஆக முடியாது என்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. உள்நாட்டுப் போர் நடந்து, லட்சக்கணக்கில் உயிர் போன பிறகுதான், அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட எவரும் குடிமகனே என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சமையற்காரர் வருகிறார். வாங் கிம் ஆர்க் என்று பெயர். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், தாய் தகப்பன் சீனாக்காரர்கள். சீனர்களை நாட்டுக்குள் விடாதே என்று சட்டம் போட்டிருந்த காலம். சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பி வந்தவரை, நீ குடிமகன் இல்லை என்று இறங்க விடாமல் மாதக்கணக்கில் கப்பலிலேயே வைத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 1898 மார்ச்சில் ஆறு நீதிபதிகள் அவர் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். இங்கே பிறந்தவன் இந்த நாட்டுக்காரன்தான் என்று தீர்ப்பு. ஒரு சமையற்காரர் வாங்கிய தீர்ப்பு நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குக் கூரையாக இருந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

டிரம்ப் உத்தரவை மூன்றே நாளில் சியாட்டில் நகர நீதிபதி ஒருவர் நிறுத்தி வைத்தார். வேறு கோர்ட்டுகளும் நிறுத்தின. மே மாதம் பேரன் பிறந்தபோது தடை அமலில் இருந்ததால் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் தடங்கலின்றி வந்தன. ஜூன் 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், ஒரு கீழ்க்கோர்ட்டு நீதிபதி நாடு முழுவதற்கும் தடை போடுவது அதிகாரத்தை மீறுவது என்று சொன்னது. ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர், எல்லாக் குழந்தைகளையும் ஒரே தொகுதி வழக்காகச் சேர்த்து மறுபடி தடை போட்டார். டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தக் கேள்வியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இதற்கிடையில் செப்டம்பரில், புது எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டு என்று இன்னொரு பிரகடனம். இந்தத் திருமுல்கேரியில் எத்தனை வீட்டில் அன்று ராத்திரி விளக்கு அணையவில்லை என்பது எனக்குத் தெரியும். தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டிரம்பைத் திட்டுவதற்கு நான் மேடை ஏறவில்லை. திட்டுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். நான் கேட்க வந்தது வேறு. பிறந்தவன் எவனும் குடிமகன் என்று நம் நாட்டிலும்தான் சட்டம் இருந்தது. 1987 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று மாற்றினோம். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்று இன்னும் இறுக்கினோம். அப்போது நம் வீடுகளில் யாரும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. இலங்கையில் 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொடு, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததற்குக் கொடு என்று தேயிலைத் தோட்டத்துத் தமிழரைக் கேட்டார்கள். கொழுந்து பறிக்கப் போனவன் பிறப்புப் பதிவை எங்கே பத்திரப்படுத்துவான்? 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டையைப் பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள்.

அது கடல் தாண்டிய கதை என்பீர்கள். இந்த ஹைதராபாத்துக்கே வருகிறேன்.

முல்கி என்ற சொல்லை இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். முல்க் என்றால் நாடு. முல்கி என்றால் இந்த நாட்டுக்காரன். சமஸ்தானத்து வேலைகளில் வடக்கேயிருந்து வந்தவர்கள் நிறைந்துவிட்டார்கள் என்ற மனக்குறை இங்கே வெகுகாலமாக இருந்தது. 1919இல் நிஜாம் ஒரு ஃபர்மான் போட்டார். சமஸ்தான உத்தியோகம் முல்கிகளுக்கே. வெளியூர்க்காரன் முல்கி ஆக வேண்டுமானால் பதினைந்து வருஷம் நிரந்தரமாக இங்கே குடியிருக்க வேண்டும். அதோடு, முன்பு இருந்த ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன் என்று மேஜிஸ்ட்ரேட் அத்தாட்சியோடு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வாசகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா 1951இல் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து வந்தார். கன்டோன்மெண்டில் ராணுவ மெஸ் ஒன்றில் சமையல். ஆம், அவரும் சமையற்காரர்தான். அவர் வந்த மறு வருஷமே 1952 செப்டம்பரில் முல்கி கிளர்ச்சி. 1948 போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு, இங்கிலீஷ் தெரியும் என்பதற்காகச் சென்னை ராஜ்யத்திலிருந்து குமாஸ்தாக்களையும் வாத்தியார்களையும் கூட்டிவந்து நிரப்பியிருந்தார்கள். உருதுவில் படித்த உள்ளூர்ப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். சிட்டி காலேஜ் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மாணவர்கள் செத்தார்கள். "இட்லி சாம்பார் கோ பேக்" என்பது அன்றைய கோஷங்களில் ஒன்று. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நான் அன்னிக்கு மெஸ்ஸுல பிரியாணிதாண்டா பண்ணினேன்" என்பார். ஆனால் அந்த ஒரு வாரம் கன்டோன்மெண்ட் எல்லையைத் தாண்டவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

இதில் நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் கேட்டதில் நியாயம் இருந்தது. தன் ஊர் ஆபீஸில் தன் பாஷை தெரியாதவன் உட்கார்ந்து தன்னையே விரட்டினால் எவனுக்கும் கோபம் வரும். 1956இல் ஆந்திராவோடு சேர்த்தபோது வேலை விஷயத்தில் கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்றுதான் 1969இல் மறுபடியும் கிளர்ச்சி வந்தது.

சட்டம் என்ன சொன்னது? அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு, பிறந்த இடத்தையோ குடியிருக்கும் இடத்தையோ வைத்துச் சர்க்கார் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் குடியிருப்பு நிபந்தனை வேண்டுமானால் பார்லிமெண்ட் சட்டம் போடலாம் என்றும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன்படி 1957இல் போட்ட சட்டத்தில் தெலங்கானாவுக்கான பிரிவு செல்லாது என்று 1969இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1972 அக்டோபரிலோ, நிஜாம் காலத்து முல்கி விதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அதே கோர்ட் தீர்ப்பளித்தது. இந்தத் தடவை ஆந்திராப் பக்கம் பற்றி எரிந்தது.

அந்த வருஷ முடிவில் எனக்குப் பதினெட்டு வயது. மாநில இலாகா ஒன்றில் கீழ்மட்ட வேலைக்கு மனுப் போட்டேன். முல்கி சான்றிதழ் கேட்டார்கள். நான் இதே திருமுல்கேரியில் பிறந்தவன். அது போதாது, தகப்பன் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார் ஆபீஸ் குமாஸ்தா. அப்பா வந்து இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது, கணக்குச் சரி. பாரத்தை வாங்கி வந்து, வாசகத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் பொறுத்துக் கேட்டேன்.

"எங்கம்மாவைப் பொதைச்ச எடம்டா அது. திரும்பிப் போற எண்ணமே இல்லேன்னு மேஜிஸ்ட்ரேட் முன்னால எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் கத்தினேன். உங்கள் பிடிவாதத்துக்கு என் வேலையைக் காவு கொடுக்கிறீர்களே என்றேன். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு மத்திய சர்க்கார் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அங்கே முல்கி விதி கிடையாது. 1973இல் ஆறு அம்சத் திட்டம் வந்தது, முல்கி விதிகளும் ரத்தாயின. அப்பா 1988இல் இங்கேதான் காலமானார். ஊருக்குத் திரும்பவே இல்லை. அந்தப் பாரம் கையெழுத்து இல்லாமல் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன வருஷம் என் மகனிடம் போனில் சொன்னேன். அமெரிக்கக் குடிமகன் ஆகும்போது, பழைய நாட்டின் மீதுள்ள விசுவாசத்தை விட்டொழிக்கிறேன் என்று அவர்களும் பிரமாணம் வாங்குகிறார்களாம். நம் சட்டத்திலும் இரட்டைக் குடியுரிமை கிடையாது. "தாத்தா சைன் பண்ணலையாப்பா?" என்று கேட்டவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முல்கி போயிற்று, லோக்கல் வந்தது. அரசியல் சட்டத்தில் 371-டி என்று புதுப் பிரிவு சேர்த்து, 1975இல் ஜனாதிபதி உத்தரவு போட்டார்கள். யார் லோக்கல் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு வந்தது. பிரமாணப் பத்திரத்தை விட இது மேல்தான், மனசைத் தோண்டிப் பார்ப்பதில்லை. ஆனால் இடிக்கும் இடம் இருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேத்தி பத்தாவது வரை இங்கே படித்தாள். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் வந்ததால் பதினொன்றும் பன்னிரண்டும் வேலூரில். டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாலு வருஷமும் தெலங்கானாவில் படித்திருக்க வேண்டும் என்கிறது 2024இல் திருத்திய விதி. ஹைகோர்ட் கொஞ்சம் தளர்த்தியது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் நாலு வருஷ விதி செல்லும் என்று முடித்துவிட்டது. சர்க்கார் ஊழியர், ராணுவத்தார் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. கம்பெனி வேலைக்காரன் பிள்ளைக்கு இல்லை. தமிழ்நாட்டில் மனுப் போடப் போனோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே படித்தாயா, இல்லையென்றால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் எங்கே என்றார்கள். இந்தியாவில் எல்லோருக்கும் ஒரே வாழ்விடம்தான், அது இந்தியா என்று 1984இலேயே பிரதீப் ஜெயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025 ஜனவரியில் மேல்படிப்பு மருத்துவ இடங்களுக்கு அதையே மறுபடி உறுதி செய்தது. ஆனால் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு மாநிலங்கள் ஓரளவு ஒதுக்கிக்கொள்ளலாம் என்பதும் அந்தத் தீர்ப்புகளில்தான் இருக்கிறது. பேத்தி இப்போது பி.எஸ்ஸி. படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள்.

சரி, நம் சங்கத்துக்கு வருகிறேன். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் விதிப் புத்தகத்தில், இங்கே பத்து வருஷம் குடியிருந்தவர்தான் நிர்வாகக் குழுவுக்கு நிற்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு வந்த பையன்கள் நாலு வருஷமாகச் சந்தா கட்டுகிறார்கள், பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள், யாராவது இறந்தால் முதலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் குழுவில் உட்காரக் கூடாதாம். இது முல்கி விதி இல்லாமல் என்ன? நிஜாமாவது பதினைந்து வருஷம் வைத்தார், நாம் ஐந்து வருஷம் சலுகை கொடுத்திருக்கிறோம் என்று யாரோ பின்னால் சொல்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

இன்னொன்றும் உண்டு. லால் பஜார் பக்கம் நம்மவர்கள் சிலர் வீடு வைத்திருக்கிறார்கள். ஒடிசாப் பையன்கள் வாடகைக்குக் கேட்டால் இல்லை என்கிறோம். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வடக்கன் வந்து தமிழ்நாட்டைக் கெடுத்துவிட்டான் என்று பேசும்போது நாமும் தலையாட்டுகிறோம். நாம் யார் என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. புறநானூற்று வரி ஒன்றை எல்லா மேடையிலும் சொல்கிறோம். இன்று நான் சொல்லப் போவதில்லை.

அந்தப் பத்து வருஷ விதியை எடுத்துவிட வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் கிடைத்திருக்கிறார். எதிர்க்கிறவர்கள் வந்து எதிர்த்துப் பேசட்டும், காரணம் இருந்தால் கேட்டுக்கொள்வேன்.

கடைசியாக ஒரு வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் தாய்மார்கள், வருஷவாரியான படிப்புச் சான்றிதழ்களைப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். நாலு வருஷம் தொடர்ச்சியாக இருக்கிறதா, நடுவில் ஊருக்குப் போய்ப் படித்த வருஷம் எது என்று பார்க்க வேண்டும். பிள்ளையை ஊரில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் அதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்தில் இருப்போம். பாரம் நிரப்ப என் பேத்தி வருகிறாள்.