மதுவும் மனமும்



கல்விக் கழக மேடையில் மதுவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1956 அக்டோபரில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தேன் என்பதும் ஒன்று. அறிவைப் பறிகொடுத்தவன் உரிமையைக் காக்க இயலாதன்றோ? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டோரில் பலர் அன்றாடக் கூலிகள்.

ஆயினும் குடிப்பவனை இகழ்வது தொண்டாகாது. குடிநோயும் நோயே. அவமதிப்பும் வேலையின்மையும் மனத்தை அரிக்கும்போது சிலர் மதுவை மருந்தென நம்புகின்றனர். அதுவோ சோர்வையே வளர்க்கிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் நேரலாம். உயிருக்கே ஊறு விளையலாம். எனவே, அறையில் அடைப்பதும் கோயிலில் சத்தியம் வாங்குவதும் போதா. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

கழகத்தின் கடமை யாது? மாலைதோறும் படிப்பகத்தின் விளக்கு எரியட்டும். விளையாட்டுத் திடல் நிரம்பட்டும். குடிநோயாளியின் மனைவி மக்களைத் தனித்து விடாதீர்கள். வழுக்கிய மாணவனை விடுதியினின்று விரட்டாதீர்கள். விரட்டினால் அவனுக்கு மதுக்கடையே விடுதியாகும். சிகிச்சை பெற்றுத் திரும்புவோனைப் பழைய பெயரிட்டு அழைக்காதீர்கள். அவனுக்கு வேலை தேடிக் கொடுங்கள்.

கடையை மூடுமாறு அரசிடம் கேட்போம். கதவைத் திறக்குமாறு நம்மிடமே கேட்போம்.